எல்லைக்கல்லும் வாசற்படியும்

சோழ மன்னர்கள் ஒரு கிராமத்தைக் கோயிலுக்குத் தானமாகக் கொடுக்கும்போது, அதன் எல்லையைக் குறிக்க ஓர் அழகான முறையை வைத்திருந்தார்கள். ஒரு பெண்யானையைக் கொண்டுவந்து, அதிகாரிகளும் அக்கம்பக்கத்து ஊரார்களும் உடன்வர, அதை எல்லை நெடுக நடத்திச் செல்வார்கள். யானை நடந்த தடத்தில் கல்லை நடுவார்கள். கள்ளியையும் நட்டு வைப்பார்கள். அதன் பிறகு அந்தக் கல்லுக்கு உள்ளே இருப்பது கோயிலுடைய ஊர், வெளியே இருப்பது வேறு ஊர்.

திருத்தணிக்கு அண்டையில் இருக்கும் திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டு கிடைத்த செப்பேடுகள், ராஜேந்திர சோழன் பழையனூர் என்ற ஊரை ஆலங்காட்டு இறைவனுக்கு வழங்கிய செய்தியைச் சொல்கின்றன. அந்தச் செப்பேட்டில் ஒரு பகுதி வடமொழியில் இருக்கிறது. ஒரு பகுதி தமிழில் இருக்கிறது. ஒரே சாசனத்தில் இரண்டு பாஷைகள் சண்டையில்லாமல் குடியிருந்திருக்கின்றன! இதை ஒரு மூலையில் நினைவில் வைத்துக்கொண்டு வாசகர்கள் என்னோடு மேலே வரவேண்டும்.

சுமார் 940 ஆண்டுகள் கழித்து, அதே வட்டாரத்தில் மறுபடியும் எல்லை போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை யானை வரவில்லை. ஜனத்தொகைக் கணக்குப் புத்தகம் வந்தது. எந்த ஊரில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள், எத்தனை பேர் தெலுங்கு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கை நடந்த வழியில் கோடு இழுத்தார்கள்.

அந்தக் கோட்டின் அழகை அனுபவிக்க வேண்டுமானால் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் ஏறி உட்கார வேண்டும். திருத்தணி தாண்டியதும் பொன்பாடி. மூன்றே முக்கால் எழுத்தில் முடிந்துவிடுகிற சின்னப் பெயர். அடுத்த ஸ்டேஷனின் பெயரைப் படிப்பதற்குள் ரயில் நின்று புறப்பட்டுவிடும்: வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஆந்திரம் வந்துவிட்டது என்று அந்தப் பலகையே அறிவித்துவிடுகிறது. சரி, இனிமேல் எல்லாம் தெலுங்குப் பெயர்தான் என்று நினைத்துச் சாய்ந்து உட்கார்ந்தால், நகரியை ஒட்டி ஏகாம்பரகுப்பம் வந்து நிற்கிறது! காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் எல்லை தாண்டிப் போய் அங்கே குடியிருக்கிறார். அதற்குப் பதில் மரியாதை செய்வதுபோல, கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை இருக்கிறது. கார்வேட்டிநகரம் ஜமீன் ஆண்ட காலத்தை நினைவூட்டும் தெலுங்குப் பெயர் அது.

அந்தப் பேட்டைக்குப் பக்கத்து ஊர்தான் அம்மையார்குப்பம். நெசவாளர்களின் ஊர். இந்த வட்டாரத்து நெசவாளரில் தமிழ் பேசும் செங்குந்தரும் உண்டு, தெலுங்கு பேசும் பத்மசாலியரும் உண்டு. பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம் என்று நூல் ஓடுவதுபோல் இரண்டு பாஷைகளும் இங்கே குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கின்றன. பாவை ஒரு ராஜ்யத்துக்கும் ஊடையை இன்னொரு ராஜ்யத்துக்கும் பங்கு போட்டுக் கொடுங்கள் என்று சொன்னால் நெசவாளி என்ன செய்வான்? 1953-லிருந்து 1960 வரை சர்க்கார் கையில் இருந்த வேலை ஏறக்குறைய இதுதான்.

கதை 1911-லேயே ஆரம்பமாகிவிட்டது. அந்த ஆண்டு வெள்ளைக்காரச் சர்க்கார், நிர்வாக வசதிக்காக வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்தெடுத்துச் சித்தூர் ஜில்லா என்று ஒன்றை உண்டாக்கியது. மதறாஸ் மாகாணம் ஒன்றாக இருந்தவரையில் இதைப்பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. ஒரே வீட்டில் எந்த அறை யாருடையது என்று யார் கேட்கப்போகிறார்கள்? பாகப்பிரிவினை என்று வந்தால்தானே அந்தக் கேள்வி பிறக்கிறது!

பாகப்பிரிவினை வந்தது. 1952 அக்டோபர் 19-ஆம் தேதி பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர ராஜ்யம் வேண்டி மயிலாப்பூரில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15-ஆம் தேதி உயிர் துறந்தார். நான்கு நாட்களில் பிரதமர் நேரு ஆந்திர ராஜ்யம் அமையும் என்று அறிவித்தார். 1953 அக்டோபர் முதல் தேதி புது ராஜ்யம் பிறந்தது. சென்னை நகரம் நம்மோடு தங்கியது. சித்தூர் ஜில்லா முழுவதும், திருப்பதியும் திருத்தணியும் அம்மையார்குப்பமும் உள்பட, அங்கே போயிற்று. முருகனுடைய ஆறுபடை வீடுகளில் ஒன்று தமிழ் ராஜ்யத்துக்கு வெளியே போய்விட்டது என்பதைத் தமிழர்களால் ஜீரணிக்க முடியவில்லை.

ம. பொ. சிவஞானத்தின் தலைமையில் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. திருத்தணியைச் சேர்ந்த கே. விநாயகம் போன்றவர்கள் உள்ளூரில் தூணாக நின்றார்கள். கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் என்று இருவர் இந்தப் போராட்டத்தில் சிறை சென்று உயிரிழந்தார்கள். இவை எல்லாம் மேடைகளில் பல தடவை சொல்லப்பட்ட விஷயங்கள். மேடையில் குறைவாகச் சொல்லப்பட்ட ஒரு பெயரை நான் இங்கே சொல்ல விரும்புகிறேன். மங்கலங்கிழார் என்று ஒரு தமிழாசிரியர். போராட்டம் என்ற பேச்சே எழுவதற்கு முன்னால், அறநெறித் தமிழ்ச் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, இந்த வட்டாரத்து ஊர்களில் காசு வாங்காமல் தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர். அவர் 1953-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். கோடு மாறியதை அவர் பார்க்கவில்லை. ஆனால் கணக்கெடுக்க வருகிறவன் கேட்டால் "தமிழ்" என்று சொல்வதற்கு ஊரில் ஆள் வேண்டுமே, அந்த ஆட்களை வளர்த்தவர்களில் அவர் ஒருவர்.

ராஜ்யங்களைத் திருத்தி அமைக்க நியமிக்கப்பட்ட கமிஷன் 1955-ல் அறிக்கை கொடுத்தபோது, இந்த எல்லைத் தகராறை இரண்டு சர்க்கார்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பேச்சு முடிவுக்கு வரவில்லை. ஹரி விநாயக் படாஸ்கர் என்ற சட்ட நிபுணர் மத்தியஸ்தராக வந்தார். அவர் 1957-ல் சொன்ன முடிவு எளிமையானது. கிராமம்தான் அளவுகோல். அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர்கள் பெரும்பான்மையோ, அது அந்த ராஜ்யத்துக்கு. நிலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இதை ஒட்டி 1959-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி மதறாஸ் ராஜ்யத்துக்கு வந்தது. அம்மையார்குப்பமும் வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து பல கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு அப்படிப் போன ஊர். திருப்பதியும் சித்தூரும் திரும்பவில்லை.

படாஸ்கர் செய்தது நியாயமான காரியம் என்றே சொல்ல வேண்டும். ஜில்லா, தாலுகா என்று பெரிய பாத்திரத்தால் அளக்காமல் கிராமம் என்ற சின்னப் படியால் அளந்தார். பின்னால் பெல்காம் தகராறு முற்றியபோது, மகாராஷ்டிரக்காரர்கள் இந்தப் படியாலேயே எங்களுக்கும் அளந்து கொடுங்கள் என்று கேட்டார்கள். 1967-ல் அறிக்கை கொடுத்த மகாஜன் கமிஷன் அதற்கு இணங்கவில்லை. அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை.

ஆனால் எத்தனை சின்னப் படியானாலும் அளக்கும்போது கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். நூறு வீட்டில் அறுபது வீடு தமிழ் என்றால் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்துவிடும். மீதி நாற்பது வீடு? அவர்கள் தூங்கி எழுந்தபோது, வீட்டைவிட்டு ஓர் அடி நகராமலேயே வேறு ராஜ்யத்தில் சிறுபான்மையாகிவிட்டார்கள். அந்தப் பக்கம் போன ஊர்களில் நம்மவர்களுக்கும் இதே கதிதான். தவிரவும், கணக்குப் புத்தகத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். அம்மாவிடம் தெலுங்கிலும், அடுத்த வீட்டுக்காரரிடம் தமிழிலும், தறியிடம் இரண்டிலும் பேசுகிறவனுக்கு அந்தக் கட்டம் போதாது. திருத்தணியில் 1888-ல் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், பிற்காலத்தில் ராஷ்டிரபதியான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். அவர் யாருடைய ஆள் என்று கேட்டால் திருத்தணிக்காரர் என்பதுதான் சரியான பதில்.

இப்படிச் சிந்தியவர்களுக்கு என்ன ஏற்பாடு? ஓர் ஏற்பாடு இருக்கத்தான் இருந்தது. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மகாநாடு ஒரு தீர்மானம் செய்தது. ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேறு தாய்மொழிப் பிள்ளைகள் மொத்தம் 40 பேர் இருந்தால், அல்லது ஒரே வகுப்பில் 10 பேர் இருந்தால், அவர்கள் பாஷையில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரையாவது போட வேண்டும். 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க வசதி செய்ய வேண்டும் என்று எல்லா ராஜ்யங்களுக்கும் சொன்னது.

பத்துப் பிள்ளைகள்! ஒரு பாஷையின் தலையெழுத்து ஒரு கிராமத்தில் பத்துக் குழந்தைகளின் வருகைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பதினொரு பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இரண்டு குடும்பம் பிழைப்புத் தேடிப் பட்டணம் போனால் ஒன்பதாகிவிடும். ஒன்பதானால் ஆசிரியரைக் கேட்கும் உரிமை பலமிழந்து போகும். ஆசிரியர் போனால் அடுத்த ஆண்டு அந்த ஒன்பதும் ஐந்தாகும். இதற்குப் போராட்டமும் வேண்டாம், அடக்குமுறையும் வேண்டாம். வீட்டுக் கதவில் ஒரு பூட்டுத் தொங்கினால் போதும்.

நெசவாளர் ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். நெசவாளிக்கு வீடு என்பது படுத்து எழுந்திருக்கிற இடம் மட்டுமா? பாதி வீட்டைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். வீடுதான் தொழிற்சாலை, வீடுதான் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம், தறிப் பேச்சு முழுவதும் வீட்டுக்குள்தான் புழங்குகிறது. அந்த வீடு கை மாறினால் தொழில், பேச்சு, பிள்ளை மூன்றும் ஒரே நாளில் ஊரைவிட்டுப் போய்விடும்.

வீட்டுக்கும் பாஷைக்கும் உள்ள இந்த உறவை உலகத்திலேயே கண்டிப்பாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேல்ஸ் தேசத்தார். இங்கிலாந்தின் மேற்குத் தோளில் தொத்திக்கொண்டிருக்கும் சின்ன நாடு அது. அவர்களுக்கு ஆங்கிலத்தைவிடப் பழமையான சொந்த பாஷை ஒன்று இருக்கிறது. 1911-ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கே நூற்றுக்கு 43 பேருக்குமேல் வேல்ஷ் பேசினார்கள். 2021-ல் அது 18-க்கும் கீழே வந்துவிட்டது. வெள்ளைக்காரன் நம் பாஷைகளை என்ன செய்தான் என்று நாம் கேட்கிறோம். அதற்கு முன்னால் தன் வீட்டுத் திண்ணையிலேயே அவன் கைவரிசை காட்டியிருக்கிறான்!

அவர்கள் மறக்காத ஓர் ஊர் உண்டு. காபெல் கெலின் என்று பெயர். முழுக்க முழுக்க வேல்ஷ் பேசிய மலைக் கிராமம். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957-ல் லண்டன் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. வேல்ஸிலிருந்து வந்த 36 அங்கத்தினரில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் சட்டம் நிறைவேறியது. 1965-ல் அணை திறக்கப்பட்டபோது தேவாலயம், பள்ளிக்கூடம், தபாலாபீஸ், வீடுகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போயின. லிவர்பூல் நகரசபை 2005-ல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. மன்னிப்பு நல்ல காரியம்தான். ஆனால் தண்ணீருக்குள் அது எவ்வளவு தூரம் கேட்கும்?

வீடு மூழ்கினால் பாஷையும் மூழ்கும் என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். வீடு பெருகினாலும் மூழ்கலாம் என்று பிறகு கண்டுகொண்டார்கள். நூறு வீடுள்ள வேல்ஷ் கிராமத்துக்கு ஓரத்தில் ஒரு கம்பெனி எண்பது புது வீடு கட்டுகிறது. விலை, ஊர்க்காரப் பையனுக்கு எட்டாத விலை. வாங்க வருகிறவர்கள் வேல்ஷ் அறியாதவர்கள். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பத்து ஆண்டில் கடைத்தெருவில் ஆங்கிலம். பதினைந்து ஆண்டில் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் ஆங்கிலம்.

ஆகையால் 2015-ல் அவர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். வீடு கட்ட அனுமதி கேட்டு மனு வந்தால், பாதை, சாக்கடை, தண்ணீர் ஆகியவற்றோடு, விஷயத்துக்குப் பொருந்தும் இடத்தில், வேல்ஷ் மொழிப் புழக்கத்துக்கு என்ன ஆகும் என்பதையும் அதிகாரிகள் எடைபோடலாம் என்று அது சொல்கிறது. வீடு வாங்குகிறவனை நிறுத்தி, உனக்கு என்ன பாஷை தெரியும் என்று கேட்பதில்லை, அது அநீதி. எத்தனை வீடு, எத்தனை ஆண்டில் கட்டுவது, அதில் உள்ளூர்க்காரர் சக்திக்கு ஏற்ற விலையில் எத்தனை என்று கேட்கிறார்கள். க்வினெத் என்ற பகுதியில், குடியிருக்கும் வீட்டை விடுமுறை வீடாக மாற்றுவதற்கே தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அனுமதிக்கு அங்கே ஆயுள் உண்டு. சாதாரணமாக ஐந்து ஆண்டுக்குள் வேலை தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நீட்டிப்புக் கேட்டு மறுபடியும் வரவேண்டும். கம்பெனிக்கு அது வெறும் முத்திரைக் காரியம். "முன்னே கொடுத்ததுதானே, தேதியை மாற்றிப் போடுங்கள்" என்பார்கள். ஊராருக்கு அப்படியில்லை. முதல் அனுமதி கொடுத்தபோது இருந்த ஊர் இப்போது இல்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் இப்போது இல்லை. ஆகையால் தேதியை மாற்றுவதற்கு முன்னால், ஊரை இன்னொரு தடவை பாருங்கள் என்கிறார்கள். அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நிற்க. நம் எல்லைப்புறத்துக்குத் திரும்புவோம். நம் ஊர்களிலும் வயல் ஓரங்களில் வண்ணக் கற்கள் முளைக்கின்றன. நாலு கொடி, ஒரு வளைவு, ஏதாவது ஒரு 'நகர்' என்று பெயர். இதற்கெல்லாம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. பாதை எத்தனை அடி அகலம், பூங்காவுக்கு இடம் விட்டாயிற்றா, மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறார்கள். அனுமதிக்கு இங்கேயும் ஆயுள் உண்டு, நீட்டிப்பும் உண்டு. கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகளே. ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை பிள்ளைகளால் உயிரோடிருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வேல்ஸில் இருக்கிற சட்டத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்யலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். இந்தியப் பிரஜை எவனும் இந்தியாவில் எந்த மூலையிலும் குடியேறலாம் என்று அரசியல் சட்டம் 19-ஆம் பிரிவில் வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கு இல்லாவிட்டால் பம்பாயிலும் பெங்களூரிலும் பிழைக்கப் போன நம் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்? மேலும் நம் எல்லைப்புறத்தில் ஒரு பாஷையா இருக்கிறது, அதற்கு வேலி கட்டுவதற்கு? தமிழுக்குக் கட்டுகிற வேலி, அடுத்த வீட்டுத் தெலுங்கின் கழுத்தில் இறுகும். ஏகாம்பரகுப்பத்தில் தெலுங்குக்குக் கட்டுகிற வேலி நம்மவர் கழுத்தில் இறுகும். 2006-ல் தமிழைக் கட்டாயப் பாடமாக்கித் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது பேசுவோரின் பள்ளிகள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றன. நம் பிள்ளைகள் நம் பாஷையைப் படிக்க வேண்டும் என்று நாம் கேட்டது நியாயம். அவர்கள் கேட்டதும் அதே நியாயம்தான்.

ஆனால் அந்த நீட்டிப்பு என்ற சங்கதி இருக்கிறதே, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம். 1960 ஏப்ரலில் திருத்தணி கிடைத்ததும் நாம் வெற்றி விழாக் கொண்டாடினோம். அதற்கு நமக்குப் பாத்தியதை உண்டு. ஆனால் அன்றைக்குப் பெற்றது சாசுவதப் பட்டா என்று நினைத்துக்கொண்டோம். உண்மையில் அது ஒரு தலைமுறைக்கான அனுமதிச் சீட்டு. கோட்டுக்கு எந்தப் பக்கமானாலும் சரி, ஒரு கிராமத்தில் ஒரு பாஷை குடியிருப்பதற்கான அனுமதியை ஒவ்வொரு தலைமுறையும் நீட்டித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுகிறவர் மந்திரியும் இல்லை, மத்தியஸ்தரும் இல்லை. தறி ஓடுகிற வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற தாய் போடுகிறாள். ஒன்பது பிள்ளைகள்தானே என்று வகுப்பை மூடிவிடாமல், பத்தாவது பிள்ளையைத் தேடிக்கொண்டு தெருவில் இறங்குகிற ஆசிரியர் போடுகிறார்.

சித்தூரிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் இருக்கிற தமிழ்க் குழந்தைக்குப் பாடப் புத்தகம் காலத்தில் போய்ச் சேருகிறதா என்று இங்கே இருக்கிறவர்கள் விசாரிக்க வேண்டும். பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெலுங்குக் குழந்தைக்குத் தெலுங்கு வாத்தியார் இருக்கிறாரா என்றும் அதே மூச்சில் விசாரிக்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்காதவனுக்கு முதல் கேள்வியைக் கேட்கும் யோக்கியதை குறைவு.

சோழன் நட்ட கள்ளி எப்போதோ பட்டுப்போயிற்று. 1960-ல் நட்ட கற்கள் இன்னும் நிற்கின்றன. மழையிலும் வெயிலிலும் அவை நிற்கும். கல்லுக்கு என்ன, அதற்குப் பசியா, பட்டணத்து ஆசையா? வாசற்படிதான் தேய்கிறது. அதை மிதித்துக்கொண்டு வெளியே போகிற கால்கள் மாலையில் திரும்பி வருகின்றனவா என்பதைப் பொறுத்துத்தான், அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் என்ன பாஷை, அந்தப் பக்கம் என்ன பாஷை என்பது தீர்மானமாகும்.